ரடிக்கியோவும் உறைபனியும்: எப்போது விதைப்பது, எப்போது நடுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொரொண்டோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தோட்டம் போடும் தமிழர்கள் விக்டோரியா தின விடுமுறைக்காகக் காத்திருப்பார்கள். மே 25-க்கு முந்தைய அந்தத் திங்கட்கிழமை கழிந்த பிறகுதான் மிளகாய், கத்தரி, வெண்டி நாற்றுகள் வீட்டைவிட்டு வெளியே வரும். அதே கையோடு, முட்டைக்கோஸ் போல இலை உருண்டை கட்டும் ரடிக்கியோவையும் நட்டுவிட்டு, ஜூலையில் அது உருண்டை கட்டாமல் பூத்தண்டு விட்டு நிற்பதைக் கண்டு மனம் வெறுத்துப்போகிறவர்கள் பலர். குற்றம் மண்ணிலும் இல்லை, எருவிலும் இல்லை. நட்ட தேதிதான் தவறு. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளும் அந்தத் தேதியைச் சுற்றியே வருகின்றன. உதாரணங்களை டொரொண்டோவை வைத்துச் சொல்லியிருக்கிறேன்; மற்ற ஊர்க்காரர்களுக்கான குறிப்புகள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன.

ரடிக்கியோ என்பது முட்டைக்கோஸ் வகையா?

இல்லை. பார்வைக்குச் சிவப்பு முட்டைக்கோஸ் போலத் தெரிந்தாலும் இது சிக்கரிச் செடி. நம் காப்பித் தூளில் கலக்கிறார்களே, அந்தச் சிக்கரியின் இனமேதான். அது வேருக்காக வளர்க்கப்படுவது, இது இலைக்காக. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வட இத்தாலியின் வெனெட்டோ மாநிலம்தான் இதன் தாய்வீடு. வகைகளின் பெயர்களே அங்குள்ள ஊர்களின் பெயர்கள்தான்: கியோஜா, த்ரெவீசோ, வெரோனா, காஸ்டெல்ஃப்ராங்கோ. வெனெட்டோவில் இது குளிர்காலக் காய்கறி. கோடையில் விதைத்து, பனி விழத் தொடங்கிய பிறகு அறுப்பார்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வசந்தத்தின் கடைசி உறைபனி, இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி. இரண்டில் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

முதல் உறைபனியை வைத்து. அதுவும் பின்னோக்கி.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் கடைசி உறைபனியிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறோம். அவற்றுக்கு உறைபனி எமன். ரடிக்கியோவுக்கு அப்படியில்லை. இலேசான உறைபனி இரண்டு மூன்று விழுந்தால்தான் அதன் நிறம் ஏறும், கசப்பு தணியும், உருண்டை இறுகும். ஆகவே முதல் உறைபனி வரும்போது செடி முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்து, உருண்டை கட்டத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் எண்ணி வந்தால் நடவு நாள் கிடைக்கும். இன்னும் பின்னால் போனால் விதைப்பு நாள்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று ஊரில் சொல்வார்கள். டொரொண்டோ ரடிக்கியோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆனியில் விதைப்பு, ஆடியில் நடவு என்றுதான் வருகிறது.

என் வீட்டுக்கு உறைபனித் தேதியை எங்கே பார்ப்பது?

கனடாவில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை ஒவ்வொரு வானிலை நிலையத்துக்கும் முப்பது ஆண்டுச் சராசரிகளை வெளியிடுகிறது. உறைபனித் தேதிகளும் அதில் உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அந்நாட்டின் கடல், வளிமண்டல நிர்வாகம் 1991 முதல் 2020 வரையிலான தரவைக் கொண்டு இதே விவரத்தைத் தருகிறது. வீட்டுக்கு மிக அருகில் உள்ள நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'அருகில்' என்பதை மைல் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். ஒன்டாரியோ ஏரியின் தண்ணீர் கோடையில் வாங்கிய சூட்டை இலையுதிர் காலம் முழுவதும் மெல்ல மெல்ல விடுகிறது. அதனால் ஏரியை ஒட்டிய நகர மையத்தில் முதல் உறைபனி அக்டோபர் இறுதி வரை, சில ஆண்டுகளில் நவம்பர் வரைகூடத் தள்ளிப்போகும். வடக்கே ஸ்டவ்வில் பக்கம் போனால் அக்டோபர் முதல் பாதியிலேயே புல்வெளி வெளுத்துவிடும். ஒரே நகரப் பகுதிக்குள் இரண்டு மூன்று வார வித்தியாசம்.

இதற்கு மேல் உங்கள் மனையின் அமைப்பு இருக்கிறது. உறைபனி பெரும்பாலும் மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் விழும். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தைத் தேடி இறங்கித் தேங்குகிறது. சரிவின் அடியில் இருக்கும் பாத்தியில் வெண்பனி படர்ந்திருக்கும் அதே காலையில், வீட்டுச் சுவரை ஒட்டிய பாத்தியில் ஒன்றும் இருக்காது. இன்னொன்று: வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து ஆளின் மார்பளவு உயரத்தில் இருக்கிறது. அது 2 அல்லது 3 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே தரையில் கிடக்கும் இலையில் பனி உறைந்துவிடும். ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கிப் பாத்தியின் மட்டத்தில் வையுங்கள். முதல் பனி கண்ட நாளை ஆண்டுதோறும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். சில ஆண்டுகள் போனதும் அரசாங்கக் கணக்கைவிட உங்கள் கணக்கே உங்களுக்கு அதிகம் உதவும்.

சராசரித் தேதி அக்டோபர் 10 என்றால், அதுவரை பனி விழாது என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. சராசரி என்றால் ஏறத்தாழப் பாதி ஆண்டுகளில் அதற்கு முன்பே விழுந்திருக்கிறது என்று பொருள். தக்காளிக்காரர்களுக்கு இது பெரிய கவலை. ரடிக்கியோவுக்குப் பத்து நாள் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் பெரிய நட்டமில்லை. அதனால்தான் இதற்குச் சராசரித் தேதியே போதும்.

தாவரத் தாங்குதிறன் மண்டல (hardiness zone) எண்ணை வைத்துக் கணக்கிடலாமா?

கூடாது. அந்த எண் முக்கியமாகக் குளிர்காலத்தின் கடுமையைப் பொறுத்தது. மரங்களும் பல்லாண்டுச் செடிகளும் தாங்குமா என்று பார்க்க உதவும். முதல் உறைபனி எந்த வாரத்தில் வரும் என்று அது சொல்லாது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

உருண்டையான கியோஜா வகை, நட்டதிலிருந்து 65 நாளில் அறுவடை என்று விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதியில் முதல் உறைபனி அக்டோபர் 10. அதற்குச் சில நாள் கழித்து, அக்டோபர் 15 அளவில் உருண்டை முற்ற வேண்டும்.

பொட்டலத்தில் உள்ள 65 நாள் என்பது நல்ல வெயிலும் நீண்ட பகலும் உள்ள காலத்துக்கான கணக்கு. செப்டம்பர் பிறந்ததும் பகல் குறுகிக்கொண்டே வரும், இரவு குளிரும், செடியின் வளர்ச்சி மந்தப்படும். இதற்காக இரண்டு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இரண்டு வாரத்தைத்தான். 65-உம் 14-உம் சேர்ந்து 79 நாள். அக்டோபர் 15-இலிருந்து 79 நாள் பின்னால் போனால் ஜூலை 28. அதுதான் நடவு நாள். நாற்று நான்கு வாரம் வளர வேண்டும். எனவே ஜூன் 30-இல் விதைக்க வேண்டும்.

ஒரே நாளில் எல்லா விதையையும் போட்டுவிட வேண்டாம். மூன்றாகப் பிரித்து ஜூன் 20, ஜூன் 30, ஜூலை 10 என்று பத்து நாள் இடைவெளியில் விதையுங்கள். செப்டம்பர் வெயில் நீண்டால் கடைசி ஈடு கைகொடுக்கும். குளிர் முந்தினால் முதல் ஈடு.

ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு உறைபனி அக்டோபர் 30-இல்தான் என்றால், எல்லாவற்றையும் இருபது நாள் தள்ளிப்போடலாம் என்று தோன்றும். தள்ளாதீர்கள். ஏரி குளிரைத் தள்ளிப்போடும், சூரியனைத் தள்ளிப்போடாது. நவம்பர் முதல் வாரம் முடியும்போது டொரொண்டோவில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ரடிக்கியோ உயிரோடு இருக்கும், ஆனால் வளராது. ஆகவே எந்த மூலையில் இருந்தாலும் நவம்பர் தொடக்கத்துக்குள் உருண்டை முற்றியாக வேண்டும். ஏரிக்கரைக்காரர்களுக்கும் ஆகஸ்ட் முதல் வாரமே நடவுக்குக் கடைசி.

பொட்டலத்தில் உள்ள நாட்கணக்கு விதைத்த நாளிலிருந்தா, நட்ட நாளிலிருந்தா?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ரடிக்கியோவுக்குப் பல விதை நிறுவனங்கள் நட்ட நாளிலிருந்து எண்ணுகின்றன. பொட்டலத்தின் பின்புறத்தையோ விதைப் பட்டியலையோ பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தெளிவாக இல்லையென்றால் நட்டதிலிருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு பிசகினால் செடி கொஞ்சம் முன்னதாக முற்றும், அவ்வளவுதான். தாமதமானால் ஒன்றும் கிடைக்காது.

ஜூலையில் விதைத்தேன், கால்வாசிகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா?

பெரும்பாலும் விதை நல்லதுதான், சூடுதான் காரணம். ரடிக்கியோ விதை 20 டிகிரியை ஒட்டி நன்றாக முளைக்கும். மண் 30 டிகிரியைத் தாண்டினால் முளைக்காமல் உறங்கிவிடும். ஜூலை வெயிலில் கறுப்புத் தட்டில் உள்ள மண் அதைவிடச் சூடாகிவிடும்.

இங்குள்ள வீடுகளில் நிலவறை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். தட்டில் விதைத்து, நனைத்து, நிலவறையின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் எட்டிப் பார்க்க வேண்டும். மண்ணைக் கீறிக்கொண்டு வெள்ளைக் கழுத்து வளைந்து தெரியும். அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் அசந்தாலும் வெளிச்சம் தேடி நாற்று நூல்போல நீண்டு சாய்ந்துவிடும். அப்படி நீண்ட நாற்று பிறகு தேறாது. வெளியே எடுத்ததும் நண்பகல் வெயில் படாத இடத்தில் வைத்து, சில நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

நேரடியாகப் பாத்தியில் விதைப்பவர்கள் மாலையில் நன்றாக நனைத்து விதைத்து, முளைக்கும்வரை மேலே ஒரு பலகையையோ நனைத்த சாக்கையோ போட்டுவைக்கலாம். இங்கேயும் அதேதான்: முளை கண்டவுடன் எடுத்துவிட வேண்டும்.

நடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

மாலையில் நடுங்கள். செடிக்குச் செடி ஒரு அடி. முதல் இரண்டு வாரம் மண் காயக் கூடாது. ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்தால் உள்ளிலைகளின் ஓரம் கருகும். இலைநுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அக்டோபரில் அறுத்துப் பிளக்கும்போதுதான் உள்ளே பழுப்பு வளையம் தெரியும். வைக்கோல் பரப்பி மண்ணைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே நல்ல மருந்து.

எந்த வகைக்கு எந்தத் தேதி?

முதல் உறைபனி அக்டோபர் 10 என்ற அதே கணக்கில் சொல்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கியோஜாவை எடுங்கள். வெனிஸ் காயலின் தென்கோடியில் உள்ள மீன்பிடி ஊர் கியோஜா. கடைகளில் பந்துபோல விற்கப்படுவது அந்த வகைதான். ஜூலை இறுதியில் நடவு. நீளவாக்கில் கூம்பும், சீக்கிரம் முற்றும் த்ரெவீசோ வகைக்கு ஒரு வாரம் முன்னதாக நடலாம்.

வெரோனா சிறியது, இறுக்கமானது, குளிரை நன்றாகத் தாங்கும். ஆனால் 90 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 95 நாள் வகை என்றால், இரண்டு வாரத்தையும் கூட்டி, அக்டோபர் 25-இல் அறுக்க ஜூலை 8-இல் நட வேண்டும். ஜூன் 10-இல் விதைக்க வேண்டும்.

காஸ்டெல்ஃப்ராங்கோ வெண்ணெய் நிற இலையில் சிவப்புத் தெளித்தாற்போல இருக்கும். இத்தாலியர்கள் இதை உண்ணும் ரோஜா என்பார்கள். எல்லா வகையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். கசப்பும் மிகக் குறைவு. இலை மென்மையானது என்பதால் கடும் உறைபனியை மற்றவற்றைப் போலத் தாங்காது. ஜூலை முதல் வாரத்தில் நட்டு, பனி தொடங்கிய சில நாட்களிலேயே அறுத்துவிடுங்கள்.

த்ரெவீசோவின் தாமதமாக முற்றும் வகையான தர்தீவோ தனிக் கதை. கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் வசந்தத்தில் நடவே முடியாதா?

முடியும். ஆனால் சூதாட்டம்தான்.

ரடிக்கியோ ஈராண்டுத் தாவரம். முதல் ஆண்டில் இலை, குளிர்காலத்தைக் கடந்து அடுத்த ஆண்டில் பூ. ஏப்ரல் குளிரில் இளநாற்றை வெளியே வைத்தால், பல நாள் 10 டிகிரிக்குக் கீழே நின்ற அந்த நாற்று குளிர்காலம் கடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்து ஜூன் மாதத்தின் 15 மணி நேரப் பகல் வந்ததும் உருண்டையை மறந்து பூத்தண்டை எழுப்பிவிடுகிறது. விக்டோரியா தினம்வரை பொறுத்து நட்டாலோ, உருண்டை கட்டும் நேரம் ஜூலை வெயிலில் மாட்டிக்கொள்ளும். இலை தடித்து, வாயில் வைக்க முடியாத கசப்பேறும்.

எப்படியும் முயன்றுதான் பார்ப்பேன் என்பவர்கள், வசந்தத்துக்கென்றே உருவாக்கப்பட்ட விரைவான கியோஜா கலப்பினங்களை மட்டும் வாங்குங்கள். நாற்றுகளை வீட்டுக்குள் 15 டிகிரிக்குக் குறையாமல் வளர்த்து, கடைசி உறைபனியை ஒட்டி நட்டு, குளிர் இரவுகளில் போர்வைத் துணியால் மூடுங்கள். ஜூலை தொடக்கத்துக்குள் அறுத்துவிட வேண்டும்.

எத்தனை டிகிரி குளிரைத் தாங்கும்?

படிப்படியாகக் குளிருக்குப் பழகிய முற்றிய செடி −5, −6 டிகிரி வரை பெரிய சேதமின்றித் தாங்கும். வெரோனாவும் த்ரெவீசோவும் இதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். குளிரக் குளிரச் செடி தன் சாற்றில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது; சர்க்கரை கலந்த சாறு எளிதில் உறையாது. பனிக்குப் பிறகு ரடிக்கியோ இனிப்பதற்கும் அதுவே காரணம். சிவப்பு நிறமியும் குளிரில்தான் அதிகம் ஊறும்.

'படிப்படியாக' என்பதுதான் முக்கியம். 18 டிகிரியில் இருந்த செடி ஒரே இரவில் −5-க்குப் போனால் கருகிவிடும்.

பனி விழுந்த காலையில் அறுக்கலாமா?

பொறுத்திருங்கள். உறைந்திருக்கும் இலை கண்ணாடி போன்றது. விரலால் அழுத்தினாலே முறியும். முறிந்த இடம் வெயில் ஏறியதும் கருத்து அழுகும். பத்து, பதினொரு மணிவரை விட்டுவிடுங்கள். வெளியிலைகளின் விளிம்பில் இருக்கும் வெண்துகள் முதலில் நீர்முத்தாகும். பிறகு விறைத்து நிற்கும் இலை தளர்ந்து, மறுபடி நிமிரும். நிமிர்ந்த பிறகு இரண்டு கையாலும் உருண்டையைப் பற்றி மெதுவாக அமுக்கிப் பாருங்கள். உள்ளங்கைக்கு எதிராகத் திமிறினால் முற்றிவிட்டது. பஞ்சுபோல அமுங்கினால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். அறுக்கும்போது கத்தியை மண்மட்டத்தில் சாய்த்து வெட்டுங்கள். கிழிந்து வாடிய பச்சை வெளியிலைகளை உரித்துக்கொண்டே போனால், நாலைந்து இலைக்குள் அடியில் ஒளிந்திருந்த ஒயின் நிறம் வெளிப்படும். பனிக்கு முன் அறுத்த செடியில் அந்த ஆழமான நிறம் இருக்காது.

போர்வைத் துணி போட வேண்டுமா?

இலேசான உறைபனிக்கு வேண்டாம். செடிக்கு அந்தக் குளிர் தேவை. −5 அல்லது அதற்குக் கீழே போகும் என்று அறிவிப்பு வந்தால் போடுங்கள். தோட்டக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய வெள்ளைத் துணி ஓரிரு டிகிரி காக்கும். தடித்த துணி மூன்று நான்கு டிகிரி காக்கும். பிளாஸ்டிக் தாளை மட்டும் நேரடியாக இலைமேல் போடாதீர்கள்; தொட்ட இடமெல்லாம் உறைந்து கருகும். அன்று பகலில் மண்ணை நனைத்துவைத்தால், ஈர மண் பிடித்துவைத்திருக்கும் சூடு இரவில் உதவும்.

செடி பெரிதாக இருக்கிறது, ஆனால் உருண்டை கட்டவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் தாமதமாக நட்டதால்தான். நவம்பர் பிறந்த பிறகு காத்திருப்பதில் பயனில்லை. பகல் மறுபடி 10 மணி நேரத்தைத் தொடப் பிப்ரவரி முதல் வாரம் ஆகும்.

தேதி சரியாக இருந்தும் கட்டவில்லையென்றால் விதையைப் பாருங்கள். மரபான நாட்டு விதைகளில் செடிக்குச் செடி வேறுபாடு இருக்கும். பத்தில் இரண்டு மூன்று கட்டாமல் போவது இயல்பு. சில பழைய வகைகள், கோடை முழுக்கக் கீரையாக வளர்ந்து, கோடை முடியும் தறுவாயில் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டால்தான் மறுதளிரில் உருண்டை கட்டும். எல்லாச் செடியும் ஒன்றுபோல வேண்டுமென்றால் கலப்பின விதை வாங்குங்கள்.

கட்டாத செடியையும் பிடுங்கி எறிய வேண்டாம். பனி கண்ட அந்தத் தளர்ந்த இலைகளைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் சேர்த்து வறை செய்து பாருங்கள். அருமையாக இருக்கும்.

தர்தீவோவை டொரொண்டோவில் வளர்க்க முடியுமா?

முடியும். இலையுதிர் காலத் தோட்டத்தில் இதைவிட நிறைவு தரும் வேலை எனக்குத் தெரியாது.

முதலில் த்ரெவீசோவில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். இந்த ரடிக்கியோ 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றது. அதற்கான விதிகளிலேயே பனி இருக்கிறது: நவம்பர் 1-க்குப் பிறகு, குறைந்தது இரண்டு உறைபனியாவது கண்ட பிறகுதான் தர்தீவோவை எடுக்க வேண்டும். எடுப்பது என்றால் அறுப்பது அல்ல; வேரோடு தோண்டுவது. தோண்டிய செடிகளைக் கட்டாக நிறுத்தி, வேரும் அடிப்பகுதியும் மட்டும் நனையும்படி ஓடும் ஊற்றுநீரில் வைக்கிறார்கள். சீலே ஆற்றை ஒட்டிய அந்தப் பகுதியில் நிலத்தடியிலிருந்து ஊறிவரும் நீர் குளிர்காலத்திலும் 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெளிச்சம் படாத இடத்தில், அந்த இளஞ்சூட்டு நீரில் நின்று, வேரில் சேமித்த சத்தைக் கொண்டு செடி உள்ளேயிருந்து புதுக்குருத்து விடுகிறது. நடுநரம்பு பளிச்சென்ற வெள்ளை. இலை ஆழ்ந்த சிவப்பு. நுனி உள்நோக்கி வளையும். பனியில் கருகிய வெளியிலைகளையெல்லாம் களைந்துவிட்டு, அந்தக் குருத்தையும் சீவிய வேர்த்துண்டையும்தான் விற்கிறார்கள்.

நம் வீட்டில் ஊற்றுநீர் இல்லை, நிலவறை இருக்கிறது. ஜூன் நடுவில் விதைத்து ஜூலை நடுவில் நடுங்கள். இது வேரைப் பருக்கவைக்க வேண்டிய பயிர் என்பதால் அவசரம் கூடாது. இரண்டு மூன்று உறைபனி விழுந்த பிறகு, ஆனால் நிலம் இறுகி உறைவதற்கு முன் தோண்ட வேண்டும். இங்கே அது பெரும்பாலும் நவம்பர் நடுப்பகுதி. ஆணிவேரை ஒரு சாண் நீளம் விட்டு வெட்டுங்கள். இலைகளைக் கட்டி, வாளியில் நெருக்கமாக நிறுத்தி, வேர் மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். 10 முதல் 15 டிகிரி இருக்கும் இருட்டு மூலை தேவை. தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நாற்றமெடுத்து அடி அழுகிவிடும். இரண்டு முதல் மூன்று வாரத்தில் குருத்து தயாராகிவிடும்.

பால்கனித் தொட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம், கியோஜா போதும். தொட்டி மண் எல்லாப் பக்கமும் குளிரை வாங்குவதால் தரையைவிட முன்னதாக உறையும். கடுங்குளிர் இரவில் சுவரோரம் தள்ளிவையுங்கள்.

லண்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்களுக்கு?

லண்டனில் முதல் உறைபனி இங்கிருப்பதைவிடத் தாமதம். ஆனால் நகரம் இன்னும் வடக்கே இருப்பதால் பகல் விரைவாகவே சுருங்கும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள் விதைத்துவிடுங்கள். அங்கே குளிரைவிட ஈரம்தான் எதிரி. காற்றோட்டத்துக்காக இடைவெளியைக் கூட்டி நடுங்கள். அழுகிய அடியிலைகளை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் மாதங்கள் தலைகீழ். கான்பெராவில் ஏப்ரலிலேயே உறைபனி தொடங்கிவிடுவதால் டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரிக்குள் விதைக்க வேண்டும். மெல்பர்னில் பிப்ரவரி வரை காலம் உண்டு. சிட்னியின் கடலோரப் பகுதிகளில் உறைபனி அரிது. பிப்ரவரி இறுதியில் விதைத்து, குளிர்காலக் குளிர்ச்சியை மட்டும் நம்ப வேண்டும். நிறம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

ஊட்டியில் வளருமா? சென்னையில்?

சமவெளியில் வேண்டாம். சென்னையின் மார்கழி இரவுகூட இதற்குப் போதாது.

உதகைக்கு நிச்சயம் வாய்ப்பு உண்டு. நீலகிரியில் லெட்டூஸ், ப்ராக்கோலி, சிவப்பு முட்டைக்கோஸ் எல்லாம் ஏற்கெனவே பயிராகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் புல்வெளி வெள்ளைப் படுதா விரித்ததுபோலக் கிடப்பதைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். உதகையில் பகல் ஒருபோதும் 11 மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. அதனால் டொரொண்டோவின் நவம்பர்த் தடை அங்கே இல்லை. அங்கே தடை மழைதான். வடகிழக்குப் பருவமழையில் முற்றிய உருண்டை நனைந்து நின்றால் அழுகும். எனவே ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ விதைத்து, மழை ஓய்ந்து வானம் தெளியும் டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் உருண்டை முற்றும்படி பார்த்துக்கொள்வதே சரியான வழி என்று நினைக்கிறேன். நுவரெலியாவில் உறைபனி ஜனவரி, பிப்ரவரியை ஒட்டிச் சில நாட்கள்தான் எட்டிப்பார்க்கும். அங்கே அந்த வாரங்களை இலக்காக வைத்துப் பின்னோக்கி எண்ணலாம்.

பனி கண்டும் கசக்கிறதே?

கசப்பு இல்லாத ரடிக்கியோ கிடையாது. பாகற்காயும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய கசப்பே அல்ல. அரிந்த இலையை அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டுவைத்தால் பாதி இறங்கிவிடும். நெருப்பில் வாட்டினாலும் குறையும். அறுத்த உருண்டையைக் கழுவாமல், ஈரத்துணியில் சுற்றி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் ஒரு மாதம்வரை கெடாது.

ஆகஸ்ட் நடுவாகிவிட்டது. இன்னும் விதைக்கவில்லை. என்ன செய்யலாம்?

உருண்டைக்கு இந்த ஆண்டு நேரம் போய்விட்டது. கடையில் நாற்று கிடைத்தாலும் வாங்காதீர்கள். விதை கையில் இருந்தால் பாத்தியில் நெருக்கமாகத் தூவிவிடுங்கள். செப்டம்பர் இறுதியிலிருந்து விரல் நீள இளங்கீரையாகக் கிள்ளிக்கொள்ளலாம். மீதி விதையை ஈரம் படாமல் மூடிவையுங்கள். நன்றாக வைத்திருந்தால் நாலைந்து ஆண்டு முளைக்கும். இந்த அக்டோபரில் உங்கள் பாத்தியில் முதல் உறைபனி எந்த நாளில் விழுகிறது என்பதை மட்டும் தவறாமல் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு விதைப்புக் கணக்கை அந்தத் தேதியிலிருந்தே தொடங்கலாம்.